பெரட்டுக்களமும் கள்ளுக்கடையும்

ஜொகூர் மாநிலத்தில் கூலாய்க்கு வடக்கே இருக்கும் சிற்றூர் செடெனாக். கெமாஸிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ரயில் பாதை 1909-ல் திறக்கப்பட்டபின், அதை ஒட்டிய காடுகள் அழிக்கப்பட்டு ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. கூலாய், லாயாங்-லாயாங், ரெங்கம், குளுவாங் என்று நீளும் அந்த வரிசையில் செடெனாக்கும் ஒன்று. இத்தோட்டங்களில் பால் வெட்டப் பெருமளவில் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் 1910-ல் முடிவுக்கு வந்தது. அதன்பின் 1938 வரை கங்காணிகள் என்ற மேற்பார்வையாளர்களே தத்தம் ஊர்களுக்குப் போய் ஆள் திரட்டி வந்தார்கள். அப்படி வந்தவர்களின் வரிசைக் குடியிருப்புகளான லயங்களில் ஒரு பழக்கம் வேரூன்றியது: நாள்தோறும் மத்தியானத்துக்குமேல் கள் குடிப்பது. அது எப்படி அன்றாட வழக்கமானது, அதிலிருந்து அவர்களை விடுவிக்க யார் யார் என்ன செய்தார்கள், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பது மலாயாத் தமிழர் வரலாற்றில் ஒரு முக்கியமான அத்தியாயம்.

கள் குடிக்கும் பழக்கம் ஊரிலிருந்து கப்பலேறி வந்தது என்று சொல்வதுண்டு. அது பாதிதான் உண்மை. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பனங்கள்ளுக்குப் பருவம் உண்டு. பாளை விடும் மாதங்கள் கழிந்தால் கள்ளும் இல்லை. திருவிழா, அறுவடை, சாவு வீடு என்று குடிக்கும் வேளைகளுக்கும் ஒரு வரம்பு இருந்தது. கையில் காசு புழங்காத குடும்பங்களுக்கு அந்த வரம்பு இன்னும் இறுக்கமானது. மலாயாவில் நிலைமை வேறு. அங்கே கள் தென்னையிலிருந்து இறங்கியது, தென்னைக்குப் பருவம் கிடையாது. ஆண்டின் எல்லா நாளும் கள் உண்டு, எல்லா மாதமும் கூலி உண்டு, கடையோ லயத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. ஊரில் எப்போதாவது குடித்தவன் தோட்டத்தில் தினமும் குடிப்பவன் ஆனதற்கு இந்த மூன்றுமே போதும்.

கள்ளின் இயல்பும் இதற்குத் துணைநின்றது. தென்னம்பாளை விரிவதற்குமுன் அதைக் கயிற்றால் இறுகக் கட்டி, மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவிக் கலயத்தைக் கட்டுவார்கள். காலையும் மாலையும் மரமேறி அந்த நுனியை மெல்லிய வில்லையாக மறுபடி சீவினால்தான் சாறு தொடர்ந்து வடியும். சில நாள் விட்டுவிட்டால் காயம் ஆறிப் பாளை வற்றிவிடும். வடிந்த சாறு காற்றிலுள்ள நுண்ணுயிர்களால் சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்குகிறது. ஒரு நாளுக்குள் நான்கைந்து விழுக்காடு போதை ஏறிவிடும். அதற்குமேல் வைத்தால் காடிதான். ஆகவே கள்ளைச் சேர்த்துவைக்க முடியாது. அன்று இறக்கியது அன்றே விற்றாக வேண்டும், அன்றே குடித்தாக வேண்டும்.

ரப்பர் மரமும் இப்படித்தான். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக 1888 முதல் 1911 வரை இருந்த ஹென்றி ரிட்லி, மரத்தில் புதிது புதிதாக வெட்டுவதைவிட ஒரே வெட்டின் விளிம்பை மறுபடி மறுபடி மெல்லச் சீவினால் பால் பெருகுவதைக் கண்டறிந்தார். முதல் நாள் சில துளி, அடுத்தடுத்த சீவல்களில் கூடுதல் என்று மரமே வெட்டுக்குப் பழகிக்கொள்கிறது. மலாயாவின் ரப்பர்த் தொழில் முழுவதும் இந்த உண்மைமேல் எழுந்தது. பாலும் கள்ளும் ஒழுங்காகச் சீவினால் பெருகும். இந்த இரண்டு மரங்களின் ஒழுங்குக்கும் மனிதர்களின் நாள் பிணைக்கப்பட்டது.

அந்த நாள் பெரட்டு என்னும் காலை வருகைக் கணக்கெடுப்பில் தொடங்கியது. விடியுமுன் மணியடித்தோ தப்படித்தோ லயத்தை எழுப்புவார்கள். ஆண்களும் பெண்களும் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்க, கிராணி என்ற தோட்ட எழுத்தர் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டைப் பிரித்துப் பெயர் கூப்பிடுவார். பெயர் கூப்பிடும்போது இல்லாதவருக்கு அன்றைய கூலி இல்லை. அதன்பின் மேற்பார்வையாளரான மண்டோர் வெட்டு நிரைகளைப் பிரித்துக் கொடுக்க, இருட்டோடு காட்டுக்குள் போவார்கள். மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும் விடிகாலையில்தான் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏறினால் நின்றுவிடும். காலையிலேயே வெட்டு முடிந்து, மங்குகளில் சேர்ந்த பாலைக் காண்டா வாளியில் சுமந்துவந்து நிறுவையில் கொடுத்தால் மத்தியானத்துக்குச் சற்றுப் பின்னே வேலை ஓய்ந்துவிடும். மாலை முழுக்க எஞ்சியிருக்கும். படிக்க ஆளில்லை, போக ஊரில்லை. சுற்றிலும் ரப்பர்க் காடு. அந்த நேரத்தில்தான் கள்ளுக்கடை திறந்தது.

ஒரு பழக்கத்தை ஏற்றுவதற்குத் தேவையான எல்லாமே இங்கே கூடியிருந்தன: மாறாத நேரம், மாறாத இடம், உடனே கிடைக்கும் பலன், உடன் குடிக்கும் கூட்டம். பி. எஃப். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1930-களில் ஆய்வுக்கூடத்து எலிகளை வைத்துக் காட்டியதும் இதுவே: ஒரு செயலுக்குப் பின் உடனடியாகப் பலன் கிடைத்தால் அந்தச் செயல் வலுப்பெறும், பலன் நின்றால் மெல்லத் தேயும். மலாயாத் தோட்டங்கள் அதை எந்த ஆய்வுக்கூடமும் இல்லாமல் பல தலைமுறைகளாக நடத்திக்காட்டின. உடல் வலிக்கு மருந்தாகவும், தனிமைக்குத் துணையாகவும், மண்டோரின் வசவை மறக்க வழியாகவும் கள் ஒவ்வொரு மாலையும் தன் வேலையைச் செய்தது. குடித்தவனை மட்டும் குறைசொல்லும் எழுத்துகள் அன்றும் ஏராளம், இன்றும் உண்டு. அவை இந்தக் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

தோட்டக் கள்ளுக்கடைகள் அரசின் உரிமத்தோடு நடந்தன. பல இடங்களில் நிர்வாகமே கடையை நடத்தியது. துரைமார்கள் இதற்குச் சொன்ன நியாயங்கள் பல. தோட்டத்துக்குள் நல்ல கள் கிடைக்காவிட்டால் ஆட்கள் வெளியே போய்ச் சம்சு என்னும் மலிவான சாராயத்தைக் குடிப்பார்கள். கள்ளில் உயிர்ச்சத்து இருக்கிறது. கடை இருந்தால் ஆட்கள் தோட்டத்தை விட்டுப் போகமாட்டார்கள். கடையின் லாபம் தொழிலாளர் நலனுக்கே போகிறது என்பதும் அவர்கள் வாதம். அந்த லாபம் கோயில் திருவிழாவுக்கும் விளையாட்டுக்கும் செலவானது உண்மைதான். ஆனால் அதனால் ஒரு விபரீதம் விளைந்தது. மாரியம்மன் திருவிழா சிறக்க வேண்டுமானால் ஆண்டு முழுவதும் கள் நன்றாக விற்க வேண்டும் என்றாகிவிட்டது.

நினைத்தால் நிர்வாகத்துக்கு ஒரு பழக்கத்தை மாற்றத் தெரியாமலில்லை. மலேரியா அதற்குச் சாட்சி. 1901 முதல் கிள்ளானிலும் அதன் துறைமுகத்திலும் சதுப்பை வடித்துக் கொசுவை ஒடுக்கிக் காட்டிய மருத்துவர் மால்கம் வாட்சன், பின்னர் தோட்டங்களிலும் அந்த வேலையைத் தொடர்ந்தார். கால்வாய் வெட்டுவதோடு பல தோட்டங்களில் கொய்னா மருந்தும் பெரட்டிலேயே கொடுக்கப்பட்டது. பெயர் கூப்பிட்டு முடிந்ததும் மருத்துவ உதவியாளரான டிரெசர் மருந்தோடு வரிசையை ஒட்டி வருவார். ஒவ்வொருவரும் அவர் கண்ணெதிரே விழுங்க வேண்டும். கசப்புக்கு முகம் சுளித்தவர், வாயில் அடக்கிவைத்துப் பின்னால் துப்பியவர் எல்லோரையும் நாள்தவறாத அந்த மேற்பார்வை வழிக்குக் கொண்டுவந்தது. கொக்கிப்புழுவுக்கு எதிராகக் கழிப்பிடம் கட்டி அதைப் பயன்படுத்த வைத்ததும் இதே முறையில்தான். ஆட்கள் நோயில் விழுந்தால் பால் குறையும். அதனால் அந்தப் பழக்கங்கள் மாற்றப்பட்டன. குடியால் அடுத்த நாள் பெரட்டு கெடாதவரை அதை மாற்ற எந்த அவசரமும் எழவில்லை.

அவசரம் தமிழர்களுக்குள்ளிருந்து எழுந்தது. 1929-ன் இறுதியில் பெரியார் ஈ. வெ. ராமசாமி மலாயாவுக்கு வந்தார். பினாங்கில் இறங்கி, ஈப்போவில் தமிழர் சீர்திருத்த மாநாட்டில் பேசி, சிங்கப்பூர்வரை பயணம் செய்தார். மதுவிலக்குப் போரில் அவர் ஏற்கெனவே தழும்பேறியவர். 1921-ல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடத்தியபோது அவர் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்னணியில் நின்றார்கள். அவர் வருகை மூட்டிய ஊக்கத்தில் 1930-களின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் எழுந்தது. அச்சங்கத்தைச் சேர்ந்த கோ. சாரங்கபாணி 1935-ல் தமிழ் முரசு நாளிதழைத் தொடங்கினார். குடி, சாதி, வீண் சடங்கு ஆகியவற்றுக்கு எதிரான எழுத்து அதன் பக்கங்களில் இடைவிடாமல் வந்தது.

பத்திரிகை தோட்டத்துக்குள் போனதுதான் இங்கே முக்கியம். எழுத்தறிந்தவர் குறைவு, ஆகவே ஒருவர் படிக்கப் பலர் கேட்டார்கள். அந்தக் கூட்டம் கூடியதும் வேலை ஓய்ந்த மாலையில்தான். கள்ளுக்கடைக்குப் போகும் நேரத்துக்கு முதன்முறையாக ஒரு போட்டி முளைத்தது. தலையங்கம் சொன்ன புத்திமதியைவிட, அந்த ஒரு மணி நேரத்தை அது பிடித்துக்கொண்டது பெரிய காரியம்.

இதே காலத்தில் தமிழ்நாட்டில் ஓர் அரசாங்கச் சோதனை நடந்தது. சென்னை மாகாண முதலமைச்சரான ராஜாஜி 1937 அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய மாவட்டங்களில் சேலமும் ஒன்று என்பதால் அச்செய்தி லயங்களில் பேசப்பட்டிருக்க வேண்டும். கடையை மூடுவதோடு அங்கே வேலை நிற்கவில்லை. மிச்சமான காசைச் சேமிக்கச் சொல்வதும், வெறுமையான மாலைகளுக்குப் பஜனையும் விளையாட்டும் தேடித் தருவதும் அத்திட்டத்தில் சேர்ந்திருந்தன. சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு என்று அது பரவியது. போர்க்காலத்தில் கைவிடப்பட்டு 1948-ல் மாகாணம் முழுவதற்கும் திரும்ப வந்தது. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் 1935-ல் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய சங்கமும் இதே பத்தாண்டுக்கு உரியது. வாழ்நாள் முழுக்கக் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொல்லாமல், இன்று ஒரு நாள் குடிக்காதே, நாளை மறுபடி பார்க்கலாம் என்பதே அதன் வழி. சேலமும் ஓஹாயோவும் ஒன்றையொன்று அறிந்திருக்க வாய்ப்பில்லை. இரண்டுமே மாலையை நிரப்பவும் நாளை எண்ணவும் முயன்றன.

மலாயாவில் கள் ஒழிப்பு தன்மானக் கோரிக்கையாக மாறிய ஆண்டு 1941. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. தமிழ் நேசன் நாளிதழின் துணையாசிரியராக இருந்த ஆர். எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார். தொழிலாளர்களின் கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வு இருந்தது, பிள்ளைகளுக்குப் படிப்பு இருந்தது, மருத்துவம் இருந்தது, பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்த வேண்டும் என்பது இருந்தது. துரையும் கிராணியும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் இருந்தது. அவற்றோடு சேர்த்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். சைக்கிளை விட்டு இறங்குவதும் கள்ளுக்கடைக்குப் போவதும் ஒரே பட்டியலில் இடம்பெற்றது தற்செயலல்ல. குனிவதற்கு உடலை அன்றாடம் பழக்கும் வழக்கங்கள் என்று இரண்டையும் அந்த மக்கள் ஒன்றாகக் கண்டிருக்கிறார்கள். நாதன் அந்த மே மாதம் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். ராணுவம் வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். கடைகள் மூடப்படவில்லை.

அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியர் இறங்கினார்கள். தோட்டங்கள் நிலைகுலைந்தன. அரிசி மறைந்து மரவள்ளிக் கிழங்கு உணவானது. ஜப்பானியர் அமைத்த சயாம் மரண ரயில் பாதைக்குப் பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டு மாண்டார்கள். அதே ஆண்டுகளில் இன்னொன்றும் நிகழ்ந்தது. 1943-ல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து இந்திய விடுதலை இயக்கத்தின் தலைமை ஏற்றபின், தோட்டத்து இளைஞர்களும் இளம்பெண்களும் இந்திய தேசிய ராணுவத்திலும் ஜான்சி ராணிப் படையிலும் சேர்ந்தார்கள். அதுவரை பெரட்டில் பெயர் கூப்பிடுவதற்காக மட்டுமே வரிசையில் நின்றவர்கள், தங்களுக்காகத் தாங்களே வரிசையில் நிற்கக் கற்றார்கள். விடிகாலை அணிவகுப்பு, சீருடை, நேரம் தவறாமை எல்லாம் அதே உடல்களில் வேறு பொருளோடு பதிந்தன.

போர் முடிந்தபின் அந்தப் பயிற்சி கெடாவில் தொண்டர் படையாக வெளிப்பட்டது. பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் இளைஞர்களைத் திரட்டினார். அவர்கள் சீருடை அணிந்து அணிவகுத்துப் பயின்றார்கள். கள்ளுக்கடை வாசலில் மறியல் நின்றார்கள். குடித்துவிட்டு வருபவரைத் தோட்டத்து மக்கள் முன்னிலையில் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். அவர்களின் கட்டுப்பாடு சில இடங்களில் தண்டனையாகவும் மாறியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அன்றுவரை கள்ளுக்கு எதிராக எழுந்தவற்றுள் இதுதான் தோட்டத்துக்குள்ளேயே பிறந்தது, தோட்டத்தின் கடிகாரத்தை அறிந்தது. கடை திறக்கும் வேளையில் கடையின் வாசலில் நின்றது. முன்பு கூடிக் குடித்த நண்பர்கள் இப்போது கூடி அணிவகுத்தார்கள்; பழக்கத்தைத் தாங்கிய கூட்டமே அதை மாற்றவும் முன்வந்தது.

1947 பிப்ரவரி இறுதியிலும் மார்ச் தொடக்கத்திலும் பீடோங் வட்டாரத்தில் கள் எதிர்ப்பு ஊர்வலமும் மறியலும் போலீசாருடன் மோதலில் முடிந்தன. ஒரு தொழிலாளி உயிரிழந்தார். சாமி உள்ளிட்டோர் கைதாகினர். கள்ளுக்கு எதிரான இயக்கம் தொழிற்சங்க எழுச்சியோடு பிணைந்திருந்ததால் அரசும் தோட்ட முதலாளிகளும் அதை ஒழுங்குக் கேடாகவே பார்த்தார்கள். 1948 ஜூனில் அவசரகாலம் பிரகடனமானது. தொண்டர் படை போன்ற அமைப்புகளுக்கு அதன்பின் மூச்சுவிட இடமில்லை. ஜொகூரின் கூலாய், லாயாங்-லாயாங், ரெங்கம் பகுதிகள் கம்யூனிஸ்டுகளுடன் நடந்த கெரில்லாப் போரில் மிகக் கடுமையாக அடிபட்டவை. அங்கே சிதறிக்கிடந்த லயங்கள் முள்வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டன. ஊரடங்கு, வாயிலில் சோதனை, அளந்து கொடுக்கும் அரிசி என்று மாலைகள் இன்னும் சுருங்கின. வேலிக்குள் அடைபட்ட மாலைக்குக் கள்ளைத் தவிர வேறு துணை குறைவு.

1950-களில் குடிக்கு எதிரான வேலை மெதுவாக வேறு கைகளுக்கு மாறியது. தமிழ் முரசு மாணவர்களுக்காகத் தொடங்கிய மாணவர் மணிமன்றம் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் கிளைவிட்டது. அதில் எழுதிப் பழகியவர்கள் வளர்ந்து, இளைஞர் மணிமன்றங்களைத் தோட்டந்தோறும் அமைத்தார்கள். நூலகம், நாடகப் பயிற்சி, பேச்சுப் போட்டி, பந்து விளையாட்டு என்று மாலைகளுக்கு ஒரு நிகழ்ச்சிநிரல் வந்தது. பொங்கலைத் தமிழர் திருநாளாகக் கொண்டாட 1952 முதல் சாரங்கபாணி எடுத்த முயற்சி, கள்ளுக்கடைப் பணம் இல்லாமலே ஒரு விழா சிறக்கும் என்று காட்டியது. அவ்விழாவுக்கான நாடக ஒத்திகையே வாரக்கணக்கில் நடக்கும். ஒத்திகைக்குக் குடித்துவிட்டு வரமுடியாது. 1954-ல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகி, பி. பி. நாராயணன் தலைமையில் கூலிப் பேச்சுவார்த்தைகளை ஏற்றது. அதே ஆண்டின் இறுதியில் பெரியார் இரண்டாம் முறையாக மலாயா வந்து தோட்ட மக்களிடம் பேசினார்.

சேமிப்பு இன்னொரு வழி. 1960-ல் அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றுக்கொண்டிருந்த காலம் அது. துண்டான தோட்டங்களில் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்தார்கள். ஒரு பங்கு 100 வெள்ளி. அன்றைய பால்வெட்டுக்காரருக்கு அது ஒரே மூச்சில் கட்டக்கூடிய தொகை அல்ல. தவணையாகக் கட்டலாம் என்று வைத்தார்கள். சம்பந்தன் தோட்டந்தோறும் போய்ப் பேசினார். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை அச்சங்கம் வாங்கியபோது, தாங்கள் வெட்டும் மரம் தங்களுடையது என்று சொல்லும் நிலை தொழிலாளிக்கு முதன்முதலாகக் கிடைத்தது. சங்கத்தின் நோக்கம் நிலம்தான், மதுவிலக்கு அல்ல. ஆனால் சம்பள நாளில் கள்ளுக்கடைக்குப் போகவிருந்த காசுக்கு முன்கூட்டியே வேறொரு கணக்கு எழுதிவைத்தது அது. மாதாமாதம் தவணை அட்டையில் ஏறும் தொகையைப் பார்ப்பதும் ஒரு பலன்தான். கள் தந்த பலனுக்கு அது மெல்லப் போட்டியாக வந்தது. குடும்பத்தில் அந்த அட்டையைக் காத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்று நினைக்க இடமுண்டு. கடைக்காரனிடம் கடன் சொல்லி அரிசி வாங்கியவர்களும் அவர்கள்தானே.

இவற்றுக்கெல்லாம் முன்பிருந்தே தமிழர்களிடம் தினசரிக் கட்டுப்பாட்டு முறை ஒன்று இருந்தது, விரதம். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டியவர், தீ மிதிக்கவோ காவடி எடுக்கவோ நேர்ந்துகொண்டவர், கள்ளைத் தொடமாட்டார். பல ஆண்டு தொடர்ந்து குடித்தவர்கூட அந்த நாட்களில் மனங்கலங்காமல் விலகி நிற்பார். ஐயப்பனுக்கு மாலை போட்டு இருமுடி கட்டும் வழக்கம் மலேசியாவில் பரவியபின், ஒரு மண்டலம் முழுவதும் விடிகாலைக் குளியல், இருவேளைப் பூசை, ஒருவேளை உணவு, மது தொடாமை என்று கட்டுப்பாடு இன்னும் நீண்டது. மண்டலம் என்பது 48 நாள் என்றும் 41 நாள் என்றும் வழங்கும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி 2009-ல் வெளியிட்ட ஆய்வு, 96 பேரை 12 வாரம் கவனித்துப் பார்த்தது. ஒரு புதிய செயல் யோசிக்காமலே வரும் வழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கேற்ப அது 18 நாள் முதல் 254 நாள்வரை வேறுபடும் என்று கணக்கிடப்பட்டது. இடையே ஒருநாள் தவறியதால் பெரிய கேடில்லை என்றும் அந்த ஆய்வு கண்டது. விரதம் ஏன் பலரைத் திருத்தவில்லை என்பதற்கு விளக்கம் இங்கே ஓரளவு இருக்கிறது. நாட்கணக்கில் குறையில்லை. குறை முடிவுநாளில் இருக்கிறது. மாலை கழற்றிய மறுநாள் அதே மாலைப்பொழுது, அதே கடை, அதே நண்பர்கள் காத்திருந்தார்கள். விரதத்துக்குப் பின்னும் பூசைக்குழுவிலோ பஜனைக் குழுவிலோ தொடர்ந்து சேர்ந்திருந்தவர்களுக்கு மட்டும் அந்த மண்டலம் நிலையான மாற்றத்தின் தொடக்கமாக அமைய வாய்ப்பிருந்தது.

1970-களுக்குப் பின் தோட்டங்களின் நாளே மாறிப்போனது. ஜொகூரில் ரப்பர் இருந்த இடத்தைச் செம்பனை பிடித்தது. செடெனாக்கின் தோட்டமும் செம்பனைத் தோட்டமாகி, ஜொகூர் மாநிலக் கழகத்தைச் சேர்ந்த கூலிம் நிறுவனத்தின்கீழ் வந்தது. செம்பனைக் குலைகளைத் தினமும் வெட்டுவதில்லை. பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதே நிரைக்குத் திரும்புவார்கள். விடிகாலையில் வெட்டி மத்தியானத்தில் ஓயும் ரப்பரின் பொழுது அதற்கு இல்லை. ஆட்களும் குறைவாகப் போதும். தமிழ்க் குடும்பங்கள் கூலாய், செனாய், ஜொகூர் பாரு பக்கம் குடிபெயர்ந்தன. பலர் விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கினர். தோட்டம் கலைந்தபோது கள்ளுக்கடையும் கலைந்தது. 1980-களிலிருந்து கள் விற்பனை படிப்படியாக அருகியது.

கள் போன இடத்துக்குச் சம்சு வந்தது, அது முன்னதைவிடக் கொடியது. கள்ளுக்குக் கடை இருந்தது, கடைக்கு நேரம் இருந்தது, சரக்குக்கே ஒரு நாள் ஆயுள்தான் இருந்தது. புட்டியில் அடைத்த சம்சுவுக்கு இந்த வேலிகள் ஒன்றுமில்லை. மளிகைக்கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும், கள்ளைவிடப் பலமடங்கு போதை ஏற்றும், வீட்டில் மாதக்கணக்கில் இருக்கும். தனியாக, எந்நேரமும் குடிக்கலாம். பழக்கத்துக்கு முன்பிருந்த கூட்டமும் இல்லாமல் போனது. ஆகவே கூட்டத்தை வைத்து அதை மாற்றும் வழியும் அடைபட்டது. எஸ். எம். முகமது இத்ரிஸ் தலைமையில் இயங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இதைப் பல ஆண்டுகள் விடாமல் எழுதியது. சம்சுவின் மலிவு, எங்கும் கிடைக்கும் தன்மை, விளம்பரம் ஆகியவற்றை எதிர்த்துத் தமிழிலும் பரப்புரை செய்தது. 2017 டிசம்பர் முதல் மலேசியாவில் மது வாங்கும் வயது 18-லிருந்து 21-க்கு உயர்த்தப்பட்டது.

செடெனாக்கின் செம்பனை நிலத்தின் ஒரு பகுதி இன்று செடெனாக் தொழில்நுட்பப் பூங்கா. அங்கே தரவு மையங்கள் எழுகின்றன. எஞ்சிய செம்பனையில் வேலை செய்வோர் பெரும்பாலும் வங்காளதேசம், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். தோட்டத்துத் தமிழர்களின் பேரப்பிள்ளைகள் கூலாயிலும் ஜொகூர் பாருவிலும் அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். குடிக்கு எதிரான வேலையை அங்கே தமிழ்ப்பள்ளிகளும் கோயில்களும் இளைஞர் மன்றங்களும் தேவார வகுப்பு, சிலம்பப் பயிற்சி, கால்பந்து என்று மாலைகளில் நடத்துகின்றன.